கெடு தாண்டித் தாக்கல் செய்த வருமான வரிக் கணக்கு: நட்டஈடு கோரிப் புகார்

மண்டபம்,
10.10.2025

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர்

பொருள்: 2024-25 நிதியாண்டுக் கணக்கைத் தாமதமாகத் தாக்கல் செய்ததால் ஏற்பட்ட நட்டம்.

ஐயா,

என் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து தர, ஜூலை 19 அன்று உங்கள் நிறுவனத்துக்கு 1,499 ரூபாய் கட்டினேன். அன்றைக்கே ஃபார்ம் 16 (பள்ளி தந்த சம்பள, வரிச் சான்றிதழ்), வீட்டுக் கடன் வட்டிச் சான்றிதழ், காப்பீட்டு ரசீது எல்லாம் அனுப்பியாயிற்று. எங்கள் வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. மொட்டை மாடியில், கடல்காற்றுக்குத் தாள் பறக்காமல் செங்கல் வைத்து, ஒவ்வொன்றாகப் படம் பிடித்து ஏற்றினேன். சேமிப்பு, வீட்டுக் கடன் வட்டி போன்றவற்றைக் கழிக்க விடும் பழைய வரி முறையில்தான் போட வேண்டும் என்று எழுதியும் கொடுத்தேன்.

என் கணக்கில் சிக்கல் ஒன்றும் கிடையாது. பள்ளி ஆசிரியர், சம்பளம் 9,20,000. சம்பளக்காரர் எல்லோருக்கும் உள்ள நிலைக் கழிவு 50,000, சேமிப்புகளுக்கான 80சி பிரிவில் 1,50,000, மருத்துவக் காப்பீடு 20,000. வீட்டுக் கடன் 2021 ஜனவரியில் வாங்கியது. 2023 ஜூனில் குடிபுகுந்தோம். வருட வட்டி 1,82,000. வீடு கட்டிக்கொண்டிருந்த காலத்து வட்டியை ஐந்து வருடத்துக்குப் பிரித்துக் கழிக்கலாம். அதில் இந்த வருடப் பங்கு 30,000. மொத்தம் 2,12,000 வந்தாலும் வரம்பு 2,00,000தான். எல்லாம் போக 5,00,000. அந்த அளவு வருமானத்துக்கு 87ஏ பிரிவு தரும் தள்ளுபடியில் வரி பூஜ்யம். பழைய முறை என்று பள்ளியிலும் எழுதிக் கொடுத்திருந்ததால் சம்பளத்தில் வரி (டி.டி.எஸ்.) பிடிக்கவில்லை.

அரசே கடைசித் தேதியை ஜூலை 31-லிருந்து செப்டம்பர் 15-க்குத் தள்ளி, பிறகு இன்னொரு நாளும் கொடுத்தது. நீங்களோ கடன் கணக்கு எண், கடன் வாங்கிய தேதி, பாக்கித் தொகை என்று மூன்று தடவை கேட்டீர்கள். இந்த வருடப் படிவம் அவற்றைக் கேட்கிறது, உண்மைதான். ஆனால் மூன்றும் நான் முதல் நாளே அனுப்பிய சான்றிதழில் இருக்கின்றன. கடைசியில் தாக்கல் செய்தது செப்டம்பர் 18.

கெடு தாண்டினால் பழைய முறை கிடையாது. புதிய முறையில் இந்தக் கழிவுகள் இல்லை, நிலைக் கழிவு 75,000 மட்டும் போக மிச்சம் 8,45,000-க்கு வரி 35,880, தாமதக் கட்டணம் 5,000, வட்டி தனி.

"சிஸ்டம் தானா புது முறையை எடுத்துக்கிச்சு சார்" என்றார் போனில் உங்கள் ஊழியர். தேதியைக் கோட்டை விட்டது சிஸ்டமா? "ரிவைஸ் பண்ணிக்கலாம்" என்று ஆறுதல் வேறு. தாமதக் கணக்கைத் திருத்தினாலும் பழைய முறை திரும்பாது என்பதை வரி பார்க்கும் நிறுவனத்துக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

சேவைக் கட்டணம், வரி, தாமதக் கட்டணம் சேர்த்து 42,379 ரூபாயும், நான் கட்டிய வட்டியும் 15 நாளில் என் கணக்குக்கு வர வேண்டும். வராவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். உங்கள் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது.

வரித் தளத்துக்கு உங்களிடம் கொடுத்த கடவுச்சொல்லை நேற்றே மாற்றிவிட்டேன். என் பான், ஆதார் நகல்களை அழித்துவிட்டு, அழித்ததை எழுத்தில் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
மண்டபம் வாடிக்கையாளர்