தக்காளியைக் குளிரில் வைக்காதே

அன்புள்ள பிள்ளைக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே சுகம். அப்பாவின் பிரஷர் மாத்திரையை டாக்டர் மாற்றியிருக்கிறார், பயப்பட ஒன்றுமில்லை. இன்றைக்கு ஆகஸ்ட் 15, ஃபெர்ராகோஸ்தோ விடுமுறை. உனக்குத் தெரியும்தானே, இந்த நாளில் பலெர்மோவில் பூனைகூட வீட்டில் இராது. ஊர் முழுக்க மொந்தெல்லோவில் கடலுக்குள் நிற்கும். கடைகள் பூட்டு. அப்பா சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். நான் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன்.

வாட்ஸப் இருக்கும்போது ஏன் கடிதம் என்று நினைப்பாய். வாட்ஸப்பில் நீ பார்த்ததும் நீலச் சரி விழுகிறது. பிறகு நான் அந்தச் சரியையே பார்த்துக்கொண்டு இருக்கிறேன். கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. நீ உடைத்தாயோ, மேசையில் போட்டாயோ, எனக்குத் தெரியவராது. பார்சலுக்குள் ஓரிகனோவும் திராப்பானி உப்பும் இருக்கும். அவற்றோடு இதையும் வைக்கிறேன்.

போன கிழமை மருமகன் போன் எடுத்தார். நீ குளிக்கிறாய் என்றார். சாப்பாடு எப்படி என்று கேட்டேன். "சமைக்க மனமில்லையாம் மாமி, கோப்பையோடு அப்படியே வைத்துவிடுகிறாள்" என்று சொன்னவர், சொல்லியிருக்கக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, உடனே "இங்கேயும் நல்ல வெயில், அதுதான்" என்றார். பர்மிங்காம் வெயில் பலெர்மோக்காரியின் சாப்பாட்டைக் குறைக்கும் என்று நான் நம்பவேண்டும். சரி, நம்பினேன். அதனால்தான் அடுப்பே மூட்டாத சாப்பாடு ஒன்று எழுதுகிறேன். பீச் பழம், தக்காளி, புர்ராத்தாச் சீஸ். உனக்குத் தெரிந்ததுதான். 2008இல் என் பிறந்தநாளுக்கு நீ செய்து வைத்ததும், நான் போட்ட சத்தமும் உனக்கு மறந்திராது.

முதலில் தக்காளி. அதை ஃபிரிட்ஜில் வைக்காதே. இதை எத்தனை தரம் சொன்னாலும் உன் வீட்டில் தக்காளி குளிருக்குள்தான் இருக்கிறது, வீடியோவில் பார்த்தேன். 12 டிகிரிக்குக் கீழே போனால் தக்காளியின் வாசம் செத்துவிடும், பிறகு வெளியில் எடுத்து வைத்தாலும் முழுதாகத் திரும்பாது. மேசையில் ஒரு தட்டில், காம்புப் பக்கம் கீழே இருக்கிற மாதிரிக் கவிழ்த்து வை. பக்கீனோத் தக்காளி அங்கே கிடைத்தால் விலை பார்க்காமல் வாங்கு. கிடைக்காவிட்டால் சின்னச் செர்ரித் தக்காளி போதும். பெரியது பெரும்பாலும் வெறும் தண்ணீர்.

இரண்டு பேருக்கு 300 கிராம் எடு. இரண்டு பேர் என்றுதான் கணக்கு எழுதுகிறேன். நன்றாகக் கழுவு. பாதியாக வெட்டி, உப்புத் தூவி, கால் மணித்தியாலம் விட்டுவிடு. தண்ணீர் விட்டிருக்கும். அதை ஊற்றிவிடாதே, அதுதான் ருசி. அதற்குள் ஒலிவ எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, சாடையாக எலுமிச்சம்புளி. வேறு ஒன்றும் வேண்டாம். அந்தக் கறுப்பு வினிகர்ப் பாகை மேலால் கோடு கோடாக ஊற்றுவது கடைக்காரரின் வேலை. நல்ல தக்காளிக்கு அது தேவையில்லை.

பழம் இரண்டு. பல்லாரோச் சந்தையில் இப்போது தட்டைப் பீச் குவிந்து கிடக்கிறது. நீ சின்னதில் "நசுங்கின பெஸ்கா" என்பாயே, அது. கடைக்காரன் இன்னும் உன்னைக் கேட்கிறான். லியோன்ஃபோர்த்தேப் பழம் வர இன்னும் நாள் இருக்கிறது. மரத்திலேயே ஒவ்வொரு காய்க்கும் கடதாசிப் பை கட்டி, செப்டெம்பர், ஒக்டோபர் வரை வைத்துப் பிடுங்குகிறவை. அந்தப் பைகளைப் பார்க்கும்போதெல்லாம் ஊரில் மாதுளங்காய்க்குச் சீலை கட்டி வைத்த அம்மம்மாவின் ஞாபகம். ஒரு பழத்துக்கு இவ்வளவு பொத்திப் பாதுகாப்பு. இருந்தும் சிலது விழத்தான் விழும். அங்கே விற்கிற பீச் கல்லுப்போல இருக்குமே, இரண்டு நாள் கடதாசிப் பையில் போட்டு வை, இளகும். காம்படியில் மணத்துப் பார்த்து வெட்டு. மணம் வராவிட்டால் வெட்டாதே.

பழத்தையும் தக்காளியையும் ஒன்றாகப் போடுவதா என்று நான்தான் ஒரு காலத்தில் முகம் சுளித்தவள். மாங்காய்க்கு உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்று வளர்ந்தவள் அப்படிச் சுளித்திருக்கக்கூடாது. இந்த நாட்டுக்கு வந்தபோது நான் படிக்கத் தேவையில்லாமல் இருந்த சொற்கள் இரண்டுதான். எங்கள் குசினி இவர்களின் குச்சினா, எங்கள் பாண் இவர்களின் பானே. அந்த இரண்டை வைத்துக்கொண்டே, நான் வேலைக்குப் போன வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோராவின் வீட்டில் முதல் மாதத்தை ஓட்டினேன்.

இனிப் புர்ராத்தா. இரண்டு பேருக்கு 125 கிராம் உருண்டை ஒன்று காணும். வெளியே மொஸரெல்லாப் பை, உள்ளே பிய்த்த மொஸரெல்லாவும் பாலாடையும். சிஞ்ஞோரா பிறந்த ஊர் அந்திரியா, புலியாவில். புர்ராத்தாவின் ஊரே அதுதான். 2016இல் ஐரோப்பிய யூனியன் அந்த ஊர்ப் பெயரோடு சேர்த்து அதற்குக் காப்புக் கொடுத்தது. மிஞ்சின மொஸரெல்லாத் துண்டுகளை எறிய மனமில்லாமல் பாலாடையில் போட்டுப் பொதியாகக் கட்டினதுதான் புர்ராத்தா என்று சிஞ்ஞோரா பெருமையாகச் சொல்லுவா. எங்களுடைய பழஞ்சோறும் தயிரும் போல, கஞ்சத்தனத்தில் பிறந்த ருசி. முந்தி அதை அஸ்ஃபோடெல் இலையில் சுற்றிக் கட்டுவார்களாம். இலை பச்சையாக இருந்தால் புதியது, வாடியிருந்தால் வாங்காதே. இப்போது பிளாஸ்டிக், இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. திகதியைத்தான் பார்க்கவேண்டும்.

பாக்கெட்டையும் பார். காய்ச்சிச் சுத்தம் செய்த பால், பாஸ்ச்சரைஸ் என்று போட்டிருக்கும். இத்தாலியில் இருந்து வந்த பாக்கெட்டாக இருந்து லாத்தே க்ரூடோ என்று போட்டிருந்தால் அது பச்சைப் பால். வாங்காதே. எதற்கு என்று கேட்காதே, வாங்காதே.

சாப்பிட அரை மணித்தியாலம் முன் வெளியில் எடுத்து வை. குளிராக இருந்தால் உள்ளே இருக்கிற பாலாடை கட்டியாக, ஒரு ருசியும் இல்லாமல் இருக்கும். தட்டில் தக்காளியும் பழமும் போட்டு, நடுவில் இதை வைத்து, மேசைக்கு வந்த பிறகு பிள. கிளறாதே. கிளறினால் எல்லாம் வெள்ளைக் கஞ்சி. பசிலிகோவைக் கத்தியால் வெட்டாமல் கையால் பிய்த்துப் போடு. எங்கள் துளசிக்கு அது ஒன்றுவிட்ட சகோதரி, கத்தி பட்டால் கறுத்துவிடும். இலையையும் நன்றாகக் கழுவு. கடைசியில் மிளகு. அப்புறம் எள்ளுப் பாண் ஒரு துண்டால் தட்டை வழித்துச் சாப்பிடு. ஸ்கார்பெத்தா, சின்னச் சப்பாத்து. அதற்கு மட்டும் உனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

பாக்கெட்டைப் பார்.

ஏப்ரலில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா, புர்ராத்தா பாஸ்ச்சரைஸ் பண்ணின பாலிலா செய்கிறவை?" என்று. நீ மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். எந்த மாத்திரையை யார் விழுங்கலாம், யார் தொடக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள். ஒன்பது வயதில் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் எங்களுக்கு முன்னால் நின்று, கால் நுனியில் எம்பி, விசாக் கடதாசியை வாசித்துச் சொன்ன பிள்ளை. அந்த ஒபிஸர் உன்னைப் பார்த்து எழும்பி நின்றதை அப்பா இன்றைக்கும் ஆட்களுக்குச் சொல்கிறார். உனக்குத் தெரியாததா பால்? தெரிந்தும் என்னிடம் கேட்டாய். நான் "பாக்கெட்டைப் பார்" என்றேன், வேறு ஒன்றும் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு விரல் மடித்துக் கணக்குப் பார்த்தேன். அடுத்த நாள் கடைக்குப் போய் ஒரு சாமான் வாங்கி, கழுவி, மடித்து, அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். அப்பாவுக்குத் தெரியாது.

ஜூனில் இருந்து உன்னிடமிருந்து வருவது "சுகம்", "வேலை", பெருவிரல் படம். ஒரு தாய்க்குப் பெருவிரல் அனுப்புகிறதா? உன் சின்னமாமிக்குக் குரல் பதிவு அனுப்பியிருக்கிறாய், அவ எனக்குப் போட்டுக் காட்டினா. நன்றாகத்தான் சிரித்தாய். ஆனால் நடுவில் ஒரு இடத்தில் மூச்சு எடுத்தாய். சின்னமாமிக்கு அது கேட்கவில்லை.

நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்று சொல்கிறேன்.

1999 ஜூலை. உனக்கு ஆறு வயது. உன்னைக் கீழ்வீட்டு மாமியிடம் இரண்டு இரவு விட்டோம், அம்மாவுக்கு வயிற்று நோ என்று சொல்லி. வயிற்று நோ இல்லை. தம்பி வரப்போகிறான் என்று நான்தான் உனக்கு முதலில் சொல்லியிருந்தேன். ஐந்து மாதம்கூட ஆகவில்லை, அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். சிஞ்ஞோராவின் குளியலறையைக் கழுவிக்கொண்டு இருந்தபோது தொடங்கியது. சிஞ்ஞோராதான் டாக்சி கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா. ஃபெஸ்தினோ இரவு. கட்டிலில் படுத்திருக்க, ஊரின் காவல் புனிதை சந்தா ரொசாலியாவுக்குக் கடற்கரையில் வாணம் விடுகிற சத்தம் யன்னலெல்லாம் அதிர்ந்தது. பக்கத்துக் கட்டில்காரிகள் எழும்பிப் போய்ப் பார்த்தார்கள்.

நாலாம் நாள் வேலைக்குப் போனேன். போகாவிட்டால் அந்த மாத வாடகை இல்லை என்று அப்பாவிடம் சொன்னேன், ஆனால் உண்மை அது இல்லை. வீட்டில் இருக்க முடியவில்லை. சிஞ்ஞோரா கதவைத் திறந்து, என் கையில் இருந்த வாளியை வாங்கி வைத்துவிட்டு, குசினிக் கதிரையில் இருத்தினா. எட்டு வருசமாக அந்தக் குசினியில் சமைத்தவள் நான். அன்றைக்கு அவ கத்தி எடுத்தா. வெள்ளைப் பீச்சை ஒரே சுற்றாகத் தோல் சீவினா. தக்காளி. தம்பிக்காரன் அந்திரியாவில் இருந்து கொண்டுவந்த புர்ராத்தா. தட்டை என் முன்னால் வைத்துவிட்டு எதிரில் இருந்தா. ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அழுதுகொண்டே முழுவதையும் தின்றேன். அதுதான் நான் அழுத ஒரே நாள். வீட்டில் அழவில்லை, நான் அழுதால் அப்பா உடைந்துவிடுவார் என்று. அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். இன்றைக்கு வரை நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைத்தது கிடையாது.

நீ ஒரு மாதம் "தம்பி எங்கே" என்று கேட்டாய். சாப்பிடும்போது கேட்பாய், படுக்கும்போது கேட்பாய். ஒரு நாள், உன் தலையைப் பின்னிக்கொண்டு இருந்தபோது கேட்டாய். நான் சீப்பாலேயே அடித்துவிட்டேன். நீ அழவும் இல்லை. திரும்பிப் பார்த்தாய், அவ்வளவுதான். அதன்பிறகு தம்பியைப் பற்றி நீ கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அந்தப் பொடியன்கள் செய்த வேலையை நாங்கள் மூன்று வருசம் கழித்து வேறு ஆட்கள் சொல்லித்தான் அறிந்தோம். 2011 விஷயமும் அப்படித்தான். எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று அப்பா கத்தினார். நானும் சேர்ந்து கத்தினேன். எனக்கு அந்தச் சீப்பு ஞாபகம் இருந்தது. இருந்தும் கத்தினேன்.

2008இல் நீ அந்தத் தட்டைக் கொண்டுவந்து வைத்தபோது, "பச்சையாக வெட்டிப் போட்டால் சமையலா, இதற்கா என்னைக் கூப்பிட்டாய்" என்று தள்ளிவிட்டேன். சிஞ்ஞோரா உனக்குச் சொல்லித் தந்திருக்கிறா என்று எனக்கு அப்போதே விளங்கியது. என்ன சொல்லித் தந்தா, எவ்வளவு சொன்னா என்று தெரியவில்லை. அந்தப் பயத்தில்தான் கத்தினேன். நீ தட்டை எடுத்துக்கொண்டு போய் பல்கனியில் இருந்து தனியாகச் சாப்பிட்டாய். யன்னல் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நல்ல தட்டு. பழத்தை அவ சீவுகிற மாதிரியே சீவியிருந்தாய்.

செப்டெம்பர் 4ஆம் திகதி, ரொசாலியாவின் கோயில் இருக்கிற பெல்லெக்ரினோ மலைக்கு ஏறுவேன். முழங்கால் பரவாயில்லை. என்ன நேர்த்தி என்று ரொசாலியாவிடம் சொல்லத் தெரியவில்லை, போய் நிற்பேன். டிக்கெட் பார்த்தேன், இந்த மாதம் கொள்ளை விலை, செப்டெம்பர் நடுவில் குறையும். பிரித்தானியாவுக்கு இப்போது போனிலேயே அனுமதி எடுக்கவேண்டும் என்றார்கள், அதை எப்படிச் செய்வது என்று அப்பாவைக் கேட்டேன். இரண்டு பேருக்கும் ஜூலையிலேயே எடுத்துவிட்டேன் என்றார். ஏன் எடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வந்தால் உன் குசினியில் நான் ஒன்றுக்கும் கத்த மாட்டேன். தக்காளிக்கு மட்டும் கத்துவேன்.

அப்பா எழும்பிவிட்டார், தேத்தண்ணி கேட்கிறார். மருமகனைச் சுகம் கேட்டதாகச் சொல். அவரை ஏசாதே, அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அன்புடன்,
அம்மா

ஒன்று விட்டுவிட்டேன். நல்ல பீச் கிடைக்காவிட்டால் பெட்டி மாம்பழம் வருமே, அதில் செய். அப்படியென்றால் எலுமிச்சம்புளி கொஞ்சம் கூட, மிளகுக்குப் பதில் மிளகாய்த்தூள். சிஞ்ஞோரா இருந்தால் தலையில் கை வைப்பா. நான் போன ஞாயிறு செய்து பார்த்தேன், அப்பா இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார்.