நீலத்திரை வந்தால் உடனே ஃபார்மட்டா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலை செய்துகொண்டிருக்கும்போதே கணினி நீலத்திரை காட்டி நின்றுவிடுகிறது, என்ன செய்வது என்று தங்கள் நாளிதழின் கணினி கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஃபார்மட் செய்துவிட்டு நல்ல ஆன்ட்டிவைரஸ் போடச் சொல்லி இரண்டே வரியில் பதில் வந்திருந்தது. அந்த இரண்டாவது வரியே நோய்க்குக் காரணமாக இருக்கலாம் என்பதால்தான் இந்தக் கடிதம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டைப்பிங், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு சின்னக் கடை நடத்துகிறேன். ஜூன் மாதம் வந்தால் வருமானச் சான்று, சாதிச் சான்று, கல்லூரிச் சேர்க்கை என்று மூச்சு விட நேரம் இருக்காது. அந்த நேரம் பார்த்துத்தான் என் கணினி மக்கர் செய்ய ஆரம்பித்தது. படிவத்தை நிரப்பி, வாடிக்கையாளர் கைப்பேசிக்கு ஓடிபி வந்து, சான்றிதழை ஸ்கேன் செய்து ஏற்றும் இடத்தில் திரை நீலமாகி தானாக ரீஸ்டார்ட் ஆகும். திரும்பி வருவதற்குள் ஓடிபி காலாவதி. வாசலில் நிற்கிறவர்கள் என்னைத்தான் முறைப்பார்கள்.

பார்க்க வந்த மெக்கானிக் தம்பி சி.பி.யூ.வைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "அக்கா, போர்டு போயிருக்கும். இல்லன்னா ஃபார்மட் போட்டுடலாம்" என்றார். ஃபார்மட் என்று சொல்வது அவருக்கு சுலபம். என் கடையில் பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பத்திர நகல்கள் இருக்கின்றன. கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், இரண்டு பிரின்டர், ஒரு ஸ்கேனர் என்று ஒவ்வொன்றுக்கும் தனி டிரைவர், அதாவது விண்டோஸோடு இணைந்து ஓடும் சிறு மென்பொருள். எல்லாவற்றையும் திரும்பப் போட்டு முடிப்பதற்குள் கல்லூரிச் சேர்க்கையே முடிந்துவிடும்.

அவரை அனுப்பிவிட்டு முதலில் செய்தது, அந்த நீலத்திரையை நிற்க வைத்ததுதான். அது ஏதோ சொல்ல வருகிறது, நாம் படிப்பதற்குள் ஓடிவிடுகிறது. சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய், ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரியில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதற்கு எதிரே இருக்கும் டிக்கை எடுத்துவிட்டால் திரை அப்படியே நிற்கும். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். (2025 முதல் விண்டோஸ் 11-ல் இந்தத் திரை கறுப்பாக வருகிறது. நிறம்தான் வேறு, விஷயம் ஒன்றுதான்.) கீழே ஸ்டாப் கோட் என்கிற பிழைக் குறியீடு இருக்கும். பல சமயம் 'வாட் ஃபெயில்டு' என்று ஒரு கோப்பின் பெயரும் இருக்கும். என் திரையில் வந்த பெயர் புள்ளி, எஸ், ஒய், எஸ் என்று முடிந்தது. அப்படி முடிந்தால் பெரும்பாலும் டிரைவர். பெயரைத் தேடிப் பார்த்ததில், ஒரு பாதுகாப்பு மென்பொருளுடைய டிரைவர் என்று தெரிந்தது. சி டிரைவில் விண்டோஸுக்குள் மினிடம்ப் என்ற கோப்புறையில் ஒவ்வொரு கிராஷுக்கும் ஒரு கோப்பு சேர்ந்திருந்தது. புளூஸ்கிரீன்வியூ என்கிற இலவச மென்பொருளில் திறந்தால் அங்கேயும் அதே பெயர். ஃபார்மட் செய்தால் முதலில் அழிவது இந்தத் தடயம்தான்.

அப்புறம் ரிலையபிலிட்டி மானிட்டரைத் திறந்தேன். எந்தத் தேதியில் எது நிறுவப்பட்டது, எந்தத் தேதியில் எது கவிழ்ந்தது என்று நாள்காட்டி போலக் காட்டும். புதிய பிரின்டர் வாங்கியபோது, ஒரு வருஷம் இலவசம் என்று விற்பனையாளர் ஒரு ஆன்ட்டிவைரஸையும் போட்டுக்கொடுத்தார். சிவப்புப் பெருக்கல் குறிகள் அதற்கு அடுத்த நாளிலிருந்து தொடங்கியிருந்தன. முன்பே இருந்த ஆன்ட்டிவைரஸை அவர் எடுக்கவில்லை. கேட்டதற்கு, அதுதான் எக்ஸ்பயரி ஆகிவிட்டதே என்றார். எக்ஸ்பயரி ஆனது லைசென்ஸ்தான். அதன் டிரைவர் தினமும் காலையில் விண்டோஸோடு சேர்ந்து எழுந்து வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தது.

இதில் என்ன பிரச்சினை என்று கேட்கலாம். வேர்டோ பிரவுசரோ தப்பு செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும், கணினி ஓடும். ஆன்ட்டிவைரஸின் டிரைவர் அப்படியல்ல. எந்தக் கோப்பைத் திறந்தாலும் அது முதலில் பார்த்தாக வேண்டும் என்பதால் விண்டோஸின் உள்மையமான கர்னலிலேயே உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஒரு டிரைவர் தவறான நினைவக இடத்தைத் தொட்டுவிட்டால், இனி எதையும் நம்ப முடியாது, கோப்புகள் கெட்டுப்போகும் என்று விண்டோஸ் தானே முழு இயந்திரத்தையும் நிறுத்திவிடும். அதுதான் நீலத்திரை. அந்த இடத்தில் இரண்டு பேர் உட்கார்ந்தால், தாலுகா ஆபீஸில் ஒரே கோப்புக்கு இரண்டு அதிகாரிகள், 'அவர் கையெழுத்து போட்டுக்கொண்டு வாங்க' என்று மாற்றி மாற்றி அனுப்புகிற கதைதான். ஸ்கேன் செய்த சான்றிதழை ஏற்றும்போது மட்டும் ஏன் கவிழ்ந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. புதிய கோப்பு உருவாகிற நேரம் அது, இரண்டும் ஒரே சமயத்தில் பாய்ந்திருக்கின்றன.

சந்தேகத்தை உறுதி செய்துகொள்ள சேஃப் மோட் போதும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, ட்ரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் 4-ஐ அழுத்தினால் வெளி நிறுவன டிரைவர்கள் பெரும்பாலும் இல்லாமல் விண்டோஸ் வரும். அதில் ஒரு மதியம் முழுக்க ஓட விட்டேன், கவிழவில்லை. பிறகு கன்ட்ரோல் பேனலில் பழையதை நீக்கினேன். அது போனதாகச் சொல்லிவிட்டு டிரைவரை விட்டுவிட்டுப் போனது! இதற்காகவே பல ஆன்ட்டிவைரஸ் நிறுவனங்கள் தனியாக நீக்கும் கருவி வைத்திருக்கின்றன. அதை நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, சேஃப் மோடிலேயே ஓட்டினேன். புதியதையும் அப்படியே எடுத்தேன். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் ப்ராம்ப்டில் 'எஃப்எல்டிஎம்சி' (fltmc) என்று ஆங்கிலச் சிறு எழுத்துகளில் அடித்தால் கோப்புகளின் பாதையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பட்டியல் வரும். இரண்டு பேரும் போய், விண்டோஸின் சொந்த ஆன்ட்டிவைரஸான டிஃபெண்டர் மட்டும் மிச்சம். அதற்குப் பின் அந்த நீலத்திரை வரவில்லை.

அவசரப்பட்டு டிரைவர்ஸ் கோப்புறைக்குள் போய் அந்தக் கோப்பைக் கையால் அழித்துவிடாதீர்கள். விண்டோஸின் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் அதன் பெயர் இருந்து கோப்பு இல்லாமல் போனால் கணினி எழாமலே போகலாம். டிரைவர் வெரிஃபையர் என்று ஒன்றை இணையத்தில் சொல்வார்கள். அது டிரைவர்களை வேண்டுமென்றே நெருக்கிக் கவிழ வைக்கிற கருவி, வேலை நடக்கிற கணினிக்கு ஆகாது. திரையில் பெயர் வந்ததாலேயே அதுதான் குற்றவாளி என்றும் இல்லை. வேறு யாரோ கெடுத்து வைத்ததில் தடுக்கி விழுந்தவர் பெயரும் வரும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர் வந்தால் ரேம் என்கிற நினைவக அட்டையைப் பாருங்கள். எங்கள் ஊர் உப்புக் காற்றில் ரேம் கால்கள் கறுத்துப்போவது உண்டு. ரப்பரால் தேய்த்துப் போட்டதும் சரியான கணினிகளையும் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் சின்னக் கடைப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை நம் நேரப்படி காலை 9.39-க்கு கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு புதுப்பிப்பை அனுப்பியது. ஒன்றேகால் மணி நேரத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள், ஆனாலும் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் கவிழ்ந்ததாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. நம் நாட்டு விமான நிலையங்களிலேயே போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். காரணம் என்ன தெரியுமா? 21-வது தகவல் ஒன்றைப் படிக்கப் போன டிரைவருக்குக் கொடுக்கப்பட்டது 20 தகவல்தான். இல்லாத இடத்தைப் படிக்கப் போய் விழுந்தது. சேஃப் மோடில் போய் 291 என்ற எண்ணுள்ள கோப்பை அழிக்கச் சொன்னார்களே, அது டிரைவர் அல்ல, டிரைவர் படிக்கிற தகவல் கோப்பு. அதனால்தான் அங்கே அழித்தது சரியாக இருந்தது. 2010 ஏப்ரலில் மெக்காஃபி ஆன்ட்டிவைரஸின் புதுப்பிப்பு ஒன்று விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பையே வைரஸ் என்று பிடித்து கணினிகளை முடக்கியதும் நடந்ததுதான்.

அதற்காக ஆன்ட்டிவைரஸே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யார் யாரோ கொண்டுவரும் பென்டிரைவைச் செருகுகிற கடை என்னுடையது. ஒன்று போதும் என்கிறேன். ஃபார்மட் செய்தால் நீலத்திரை போவது உண்மை, சண்டை போட்ட டிரைவர்களும் சேர்ந்து அழிவதால் போகிறது. கடைக்காரர் அதே இரண்டையும் திரும்ப நிறுவிக் கொடுத்தால் அதுவும் திரும்பி வரும். போர்டையும் மாற்றச் சொல்வார்கள்.

விற்பனையாளர்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். புதிய விண்டோஸ் 11 மடிக்கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடனேயே வட்டு தானாகப் பூட்டிக்கொள்கிறது. பழுது பார்க்க ரெக்கவரி பகுதிக்குப் போனால் 48 இலக்கச் சாவி கேட்கும். அந்தச் சாவி எந்தக் கணக்கில் நுழைந்தார்களோ அதில் இருக்கும். வாங்குகிறவர் வசதிக்காக என்று கடைக்காரரே தன் கணக்கைப் போட்டு செட் செய்து கொடுக்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் பலர் அப்படித்தான் வாங்கி வருகிறார்கள். கவிழ்ந்த அன்று சாவி கடைக்காரரிடம், மடிக்கணினி பிள்ளையிடம். வாங்கும்போதே நம் மின்னஞ்சலில் கணக்குப் போடச் சொல்லி, சாவியைத் தாளில் அச்செடுத்து பில்லோடு பின் செய்து வாங்கிக்கொள்ள வேண்டும். எந்த ஆன்ட்டிவைரஸ் போட்டார்கள், ஏற்கெனவே இருந்ததை எடுத்தார்களா என்பதையும் அதே பில்லில் எழுதித் தரச் சொல்லலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர் - 1