பருத்திமாரில் ஓடிய இயந்திரம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. சந்தாவும் பெரும்பாலும் வசூலாகிவிட்டது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நம் உழைப்பெல்லாம், பருத்திமாரிலிருந்து, அதாவது பஞ்செடுத்து முடிந்த பருத்திச் செடியின் காய்ந்த தண்டிலிருந்து, எரிவாயு எடுக்கும் கலனுக்கே போனது. வீட்டுக்கு வீடு சிலிண்டர் வந்தபின் பருத்திமார் அடுப்புக்குத் தேவைப்படவில்லை. பிடுங்கியதும் புஞ்சையிலேயே போட்டுக் கொளுத்தினோம். இப்போது அதே மாரை நறுக்கிக் கலனில் போட்டு, குறைந்த காற்றில் எரியவிட்டு, வரும் வாயுவை டீசலோடு சேர்த்து என்ஜினுக்குள் விட்டு மின்சாரம் எடுக்கிறோம். பொதுக்கிணற்று மோட்டாரும் மாவு மில்லும் அந்த மின்சாரத்தில் ஓடுகின்றன. யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோ காய்ந்த மார் ஆகிறது. நன்றாக ஓடிய நாட்களில் டீசல் செலவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது.

ஐப்பசியில்தான் பட்டோம். வெட்டவெளியில் குவித்திருந்த மார் மழையில் நனைந்தது. ஈரம் நூற்றுக்கு இருபதைத் தாண்டினால் கலனில் சூடு இறங்கிவிடும், புகையில் உள்ள பிசுபிசுப்பான தார் சூட்டில் சிதையாமல் வாயுவோடு வந்துவிடும். அது தெரிந்தும், மில்லில் ஆள் காத்திருக்கிறதே என்று ஓட்டிவிட்டோம். வால்வு முழுக்கத் தார் ஒட்டி என்ஜின் நின்றுபோனது. மெக்கானிக் வந்து பிரித்து மாட்டும்வரை மில் பூட்டியே கிடந்தது. மாவரைக்க அடுத்த ஊருக்கு நடந்த பெண்களிடம் சங்கத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். அப்புறம் தகரக் கொட்டகை போட்டோம். வாயுவைச் சுத்தம் செய்யும் மணல் வடிகட்டியை முறை வைத்துக் கழுவுகிறோம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த வாயுவில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். அதனால் கலன் இருக்கும் இடத்தை நாலு பக்கமும் திறந்தே வைத்திருக்கிறோம். அங்கே யாரும் படுக்கக் கூடாது, பிள்ளைகளை விடவும் கூடாது.

இது நிலைக்குமா என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். கர்நாடகத்தின் ஹோசஹள்ளியில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் 1988-லேயே விறகு வாயுவில் ஊருக்கு விளக்கேற்றினார்கள். பீகாரில் 2007-இல் உமியைக் கொண்டு இதே முறையில் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். ஊர்க்காரர்கள் முறையாக விறகு சேர்த்துக் கொடுத்தால்தான் கலன் ஓடும். நமக்கும் அதுதான்.

ஆகவே, ஒவ்வொரு உறுப்பினரும் ஆடி முடிவதற்குள் ஒரு வண்டி மாரை உலர்த்திக் கொட்டகையில் சேர்க்க வேண்டும் என்ற தீர்மானத்தை முன்வைக்கிறேன். நறுக்கும் பெண்களுக்கான கூலியை உயர்த்துவதையும் அதோடு சேர்த்து நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்