அட்வான்ஸ் கொடுக்கும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். அம்மாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் தேவலை. மேலூர் பக்கம் மனை பார்த்திருப்பதாகச் சொன்னாய். "சும்மா கிடக்கிற பொட்டல்தானேப்பா" என்றாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் இதையெல்லாம் முழுசாகச் சொல்ல முடியாது.

நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் பறவை பார்க்கும் குழுவோடு கிளம்பிவிடுவது உனக்குத் தெரியும். கண்மாய்க்கு மட்டும்தான் போகிறோம் என்று நினைத்திருப்பாய். ஒரு வாரம் கண்மாய் என்றால் அடுத்த வாரம் மலையடிவாரம், அப்புறம் வயக்காடு, கருவக்காடு என்று மாறி மாறிப் போகிறோம். சாமநத்தம் கண்மாயில் தண்ணீர் கிடக்கும்போது நாரையும் அரிவாள் மூக்கனும் இறங்கி மேய்வதை யாரைக் கூட்டிப்போய்க் காட்டினாலும் பிடித்துவிடும். பொட்டலுக்கு அப்படி ஆள் கிடைப்பதில்லை.

போன பங்குனியில் அந்த மாதிரி ஒரு பொட்டலில்தான் ஆள்காட்டிப் பறவையின் முட்டையைப் பார்த்தேன். கூடு என்று ஒன்றும் கிடையாது. சரளைத் தரையில் லேசாகப் பறித்த பள்ளம், சுற்றிலும் பொடிக்கல், ஆட்டுப் புழுக்கை. நடுவில் மண் நிறத்தில் கருந்திட்டு விழுந்த நாலு முட்டை. இரண்டடி தள்ளி நின்றவர் காட்டிக்கொடுத்த பிறகும் எனக்குக் கல்லாகத்தான் தெரிந்தது. தாய்ப்பறவை தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றியது. குழுவை நடத்துகிறவர் போட்டோ எடுக்கக்கூட விடாமல் எங்களைப் பின்னால் நகர்த்திவிட்டார். அந்த வெயிலில் பறவை கொஞ்ச நேரம் விலகி இருந்தாலே முட்டை வெந்துவிடுமாம். தண்ணீரில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்கார்ந்து சூட்டைத் தணிக்கிற பறவை அது. அதற்கு மரம் ஏறிக் கூடு கட்டுகிற பழக்கமே இல்லை. லேஅவுட்காரர் நாலு மரம் நட்டுத் தருகிறேன் என்பது அதற்கு எதற்கு உதவும்? வானம்பாடியும் கௌதாரியும் அப்படித்தான், தரையிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பவை.

இன்னொன்றும் சொல்கிறேன். மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி மலையை 2022இல் தமிழக அரசு தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் இருக்கிற இடம். 2024இல் அந்தப் பகுதியை மத்திய அரசு டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டது. மேலூர் வட்டாரத்துச் சனம் ஒன்றாகத் திரண்டு நின்றது, 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. எனக்கு அது ரொம்பப் பெருமை. ஆனால் மலை மட்டும் மிஞ்சினால் போதுமா? லகர் வல்லூறு பாறையில் உட்கார்ந்தாலும் இரை தேடுவது சுற்றியிருக்கிற வெட்டவெளியில்தான். நீ பார்த்திருக்கிற பொட்டலும் அந்த வெட்டவெளியில் சேர்ந்ததுதானே. சுரங்கத்தைத் தடுத்துவிட்டு, மலையைச் சுற்றிக் கல் ஊன்றி மனை மனையாக விற்றால் அந்த வல்லூறு வேட்டைக்கு எங்கே போகும்?

அதனால் அந்த மனை வேண்டாம் என்றுதான் சொல்வேன். நீ சம்பாதித்த காசு, முடிவும் உன்னுடையது. வீடுதான் வேண்டும் என்றால் நம்ம தெருவிலேயே பழைய வீடு ஒன்று விலைக்கு வருகிறது. நானும் விசாரித்து வைக்கிறேன்.

பொங்கலுக்கு எப்படியும் வருவாய். 2015இலிருந்து வருஷா வருஷம் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, நாங்களும் போவோம். ஒருநாள் உன்னை அந்தப் பொட்டலுக்கே கூட்டிப்போகிறேன். அதுவரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. காலையில் ஆறு மணிக்கெல்லாம் அங்கே நிற்க வேண்டும். வெள்ளைச் சட்டை வேண்டாம், பறவை மிரளும். காக்கியோ பச்சையோ ஒன்று எடுத்து வா. பைனாகுலர் என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா