கலெக்டர் லாக்: இரவுப் பணியில் இருப்பவர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். நேற்று அதிகாலை 2.10-க்கு டேஷ்போர்டில் டேட்டாபேஸ் வரைபடங்கள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டன. டேட்டாபேஸ் நன்றாகத்தான் ஓடியது. அளவீடுகளைச் சேகரிக்கும் கலெக்டர்தான் படுத்துவிட்டது. அதன் நிகழ்வுகள் பதிவாகும் லாக்கில் 02:10 என்று ஒரு மணி நேரம் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. காரணம், லாக்கில் பதிவாவது யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம் சிங்கப்பூர் நேரம் அதைவிட 8 மணி நேரம் முன்னால். பார்க்க வேண்டியது முந்தைய நாள் 18:10.

அங்கே போனதும் முதல் பிழை வரியைத் தேடுங்கள். கடைசி வரிகளில் அதே புலம்பல்தான் திரும்பத் திரும்ப இருக்கும். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் அந்த போர்ட்டில் (இணைப்பு வாசலில்) டேட்டாபேஸ் இணைப்புக்காகக் காத்திருக்கவில்லை. 'டைம்அவுட்' என்றால் முதலில் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலைப் பாருங்கள். 'பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன் ஃபெயில்டு' வந்தால் நெட்வொர்க்கைக் குடைய வேண்டாம், டேட்டாபேஸ் வரை போய்ச் சேர்ந்தாயிற்று. நேற்று நடந்தது இதுதான். பராமரிப்பின்போது பாஸ்வேர்டை மாற்றினோம், கலெக்டரின் அமைப்புக் கோப்பான கான்ஃபிக்கில் மாற்ற மறந்துவிட்டோம்.

'பெர்மிஷன் டினைடு' வந்தால் அவசரத்துக்கு எதையும் செய்ய முடிகிற சூப்பர்யூசர் உரிமை கொடுத்துவிடாதீர்கள், தயவுசெய்து. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 10-ஆம் பதிப்பு முதல் 'பிஜி_மானிட்டர்' என்ற ரோல் (கண்காணிப்புக்கான உரிமைத் தொகுப்பு) இதற்காகவே இருக்கிறது.

எதுவும் புரியவில்லையா? சரி, லாக் அளவை, எல்லாவற்றையும் விரிவாகப் பதியும் டீபக்குக்கு மாற்றிப் பாருங்கள். வேலை முடிந்ததும் பழையபடி வையுங்கள், இல்லாவிட்டால் டிஸ்க் நிரம்பிவிடும். அப்புறம், லாக்கை இங்கே ஒட்டும் முன் கனெக்‌ஷன் வரியில் இருக்கும் பாஸ்வேர்டை அழித்துவிடுங்கள்.