கோடை இன்டர்ன்ஷிப்பா, என்எஸ்எஸ் முகாமா?

மூன்றாம் ஆண்டு சிவில் பிள்ளைகளுக்கு வணக்கம்.

"முகாமுக்கு வந்தா இன்டர்ன்ஷிப் போயிடுமா சார்?" என்று பலரும் கேட்கிறீர்கள். போகாது. என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) கணக்கு ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240. அதோடு தத்தெடுத்த ஊரில் 7 நாள் சிறப்பு முகாம், அவ்வளவுதான்.

கம்பெனிப் பயிற்சி கட்டாயம் வேண்டும். கம்பி கட்டுவதையும் கான்கிரீட்டின் இளக்கம் பார்க்கும் ஸ்லம்ப் டெஸ்ட்டையும் சைட்டில் நின்று பார்த்தால்தான் கைவரும். ஆனால் நான் படித்தபோது போன இடத்தில் மாதம் முழுக்க ஜெராக்ஸ்தான் எடுத்தேன். சேரும் முன்பே என்ன வேலை தருவார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

போன முகாமில் கடைசித் தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை. நம் மாணவி ஒருத்தி மேல்நிலைத் தொட்டியிலிருந்து குழாய் வழியே நடந்து, மேடு பள்ளம் அளக்கும் ஆட்டோ லெவல் கருவி வைத்துப் பார்த்தாள். தெரு மேட்டில் இருந்தது. முன்வீட்டு இணைப்புகளிலேயே அழுத்தம் தீர்ந்துபோகிறது. டேங்க் ஆபரேட்டர் அண்ணன் அந்தத் தெருவுக்குத் தனி நேரம் ஒதுக்கி வால்வைத் திறந்தார். சாயங்காலமே குடங்கள் நிறைந்தன. வகுப்பில் ஹைட்ராலிக்ஸை அந்த அளவுக்கு என்னால் நடத்த முடிந்ததில்லை.

கம்பெனி கிடைக்காதவர்களுக்குத்தான் முகாம் என்று நினைக்காதீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் பெயரும் பதிவெண்ணும் இங்கேயே போடுங்கள். தேதி மோதினால் எனக்குத் தனியாக எழுதுங்கள், மாற்று ஏற்பாடு பார்க்கலாம்.