செய்தித்தாளை வகுப்புக்குள் விடுங்கள்: பள்ளிக் கல்வித்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறைக்கும் பாடநூல் குழுவினருக்கும் வணக்கம்.

நம் பள்ளிகளில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் திருக்குறளுக்கு அப்புறம் ஒரு மாணவர் அன்றைய செய்திகளை வாசிப்பார். நல்ல பழக்கம். ஆனால் வாசித்த செய்தியைப் பற்றி யாரும் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. அந்தச் செய்தி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேட்பதற்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து வாரம் ஒரு பாடவேளை ஒதுக்குங்கள்.

போலிச் செய்தியைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தால் போதாதா என்பீர்கள். அதுவும் வேண்டும்தான். கேரளத்தில் கண்ணூர் மாவட்ட அரசுப் பள்ளிகளில் 2018-லேயே அதற்கு வகுப்பு நடத்தினார்கள். 2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவி நாம் பட்ட பாடும் மறக்கவில்லை. ஆனால் சாய்வு வேறு சமாச்சாரம். ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்கும், செய்தி மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

நான் ஒரு நாளிதழில் சப்-எடிட்டராக இருந்தவன். லாக்-அப் மரணம் ஒன்று நடந்தால் போலீஸ் தரப்புத் தகவல் சாயங்காலத்துக்குள் மேசைக்கு வந்துவிடும். இறந்தவர் வீட்டில் பேச ஆள் கிடைக்க நேரமாகும், கிடைத்தாலும் அவர்கள் சொன்னது கடைசிப் பத்தியில்தான் போய் உட்காரும், ராத்திரி விளம்பரம் ஒன்று கூடுதலாக வந்து இடம் போதாமல் போனால் முதலில் வெட்டுப்படுவதும் அந்தப் பத்திதான். யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை. ஆனாலும் காலையில் பேப்பரைப் பிரிப்பவருக்கு ஒரு தரப்புதான் கிடைக்கிறது. இது பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் புரியாத விஷயமா என்ன?

தூத்துக்குடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் தொடங்கிய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்துப்போனார்கள். அந்த இரண்டு மூன்று நாள் செய்திகளையும், அந்தத் துப்பாக்கிச் சூட்டை விசாரித்து, 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கையின் சில பக்கங்களையும் மாணவர்கள் கையில் கொடுங்கள். முதல் நாள் செய்தியில் யார் பேசியிருக்கிறார்கள், யாருக்குப் பெயர் இருக்கிறது, யார் வெறும் எண்ணிக்கையாக இருக்கிறார்கள், எந்தப் படம் பெரிதாக வந்தது என்று அவர்களே பென்சிலால் கோடு போட்டுக் கண்டுபிடிக்கட்டும். தீர்ப்பு எதுவும் ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை.

வகுப்பில் அரசியல் நுழைந்துவிடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஜெயா டிவி யாருடையது, கலைஞர் டிவி யாருடையது என்று தெரியாத பிள்ளை நம் ஊரில் இல்லை. டீக்கடையில் பேசுவதை வகுப்பில் பேசக் கூடாதா? ஆசிரியர்களுக்கும் இது புதிதில்லை. 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் வேலைநிறுத்தம் நடந்ததே, அதை 'மாணவர் படிப்பு பாதிப்பு' என்றும் எழுதலாம், 'பழைய ஓய்வூதியம் கேட்டு ஆசிரியர்கள் போராட்டம்' என்றும் எழுதலாம். இரண்டும் உண்மை. எந்தத் தலைப்பு தங்களைச் சுட்டிருக்கும் என்று அவர்களுக்கே தெரியும். ஆசிரியர் எந்தப் பேப்பரை விரும்பிப் படிக்கிறாரோ அதிலிருந்தே முதல் பாடத்தைத் தொடங்கச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு நம்பிக்கை வரும்.

தயவுசெய்து இதைத் தேர்வுக்குள் கொண்டுபோகாதீர்கள். 'சாய்வின் வகைகளை விளக்குக' என்று ஐந்து மதிப்பெண் வினா வந்த அன்றைக்கே கைடு போட்டுவிடுவார்கள், பிள்ளைகளும் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுவார்கள்.

பள்ளிக்கு இரண்டு மூன்று நாளிதழ்கள் வாங்கப் பெரிய செலவு ஆகாது. அதைவிட முக்கியமாக, எந்தக் கட்சி சார்ந்த நாளிதழையும் ஆசிரியர் வகுப்புக்குக் கொண்டுவரலாம், அதற்காக அவர் மேல் நடவடிக்கை வராது என்று சுற்றறிக்கையில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த வரி இல்லாமல் எந்த ஆசிரியரும் இதில் துணிந்து இறங்க மாட்டார்.